ஆப்பிரிக்க ஒன்றியம் படை அனுப்பினால் ஐ.நா.வுக்கு அங்கே என்ன வேலை?

அண்ணாநகர்_மாணவி:
மெயின்ஸுக்குப் படிக்கிறேன், அண்ணா நகரில் கோச்சிங். ஐ.நா. சாசனத்தின் 8-ஆம் அத்தியாயம், வட்டார அமைப்புகள் என்று நோட்ஸில் நாலு வரி இருக்கிறது, மனப்பாடமும் ஆகிவிட்டது, ஆனால் நடைமுறையில் எப்படி ஓடுகிறது என்று பிடிபடவில்லை. சோமாலியாவில் சண்டை போடுவது ஆப்பிரிக்க ஒன்றியத்தின் படை என்றால் ஐ.நா. என்ன செய்கிறது? சம்பளம் யார் தருகிறார்கள்?

கடல்காற்று:
அனுமதி பாதுகாப்புச் சபையுடையது, 2007-ல் கொடுத்தது. வீரர்கள் முதலில் உகாண்டா, புருண்டி, அப்புறம் கென்யா, எத்தியோப்பியா எல்லாம் சேர்ந்தன. சாப்பாடு, எரிபொருள், மருத்துவம் 2009 முதல் ஐ.நா. பொறுப்பு. வீரர்களின் படித்தொகை மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பணம். 2016-ல் அதில் 20 சதவீதத்தை வெட்டியதும் படை அனுப்பிய நாடுகள் கிளம்பிவிடுவோம் என்று முறுக்கிக்கொண்டன. 2023 டிசம்பரில் வந்த 2719 தீர்மானம்தான் இதற்கு வழி சொன்னது: செலவில் 75 சதவீதம் வரை ஐ.நா. நாடுகளின் கட்டாயப் பங்களிப்பிலிருந்து தரலாம். தரலாம், அவ்வளவுதான். ஒவ்வொரு படைக்கும் சபை தனியாகத் தலையாட்ட வேண்டும்.

பழைய_மாம்பலம்:
சூடானின் மேற்கிலுள்ள டார்பூரையும் பாரம்மா. 2007-ல் இரண்டு அமைப்பும் சேர்ந்த கலப்புப் படை, ஏனென்றால் ஆப்பிரிக்கப் படையாக இருந்தால்தான் உள்ளே விடுவேன் என்று சூடான் அடம்பிடித்தது. 2020 கடைசியில் அதன் பணியை முடித்தார்கள், 2023-ல் அதே டார்பூரில் மறுபடியும் படுகொலை.

நம்ம ஊரில் அமைதிப்படை என்றாலே வேறு ஞாபகம். 1987-ல் இலங்கைக்குப் போனது இரு நாட்டு ஒப்பந்தத்தின் பேரில், ஐ.நா.வின் படையாக இல்லை. தெற்காசிய நாடுகளின் வட்டார அமைப்பான சார்க் அதில் நுழையவே முடியாது, அதன் சாசனம் இருதரப்புச் சச்சரவுகளைப் பேசவே விடாது (பிறகு எதற்கு அந்த அமைப்பு என்று கேட்காதே). 1990 மார்ச்சில் கடைசிப் படை சென்னையில் வந்திறங்கியபோது முதல்வர் கலைஞர் வரவேற்கப் போகவில்லை.

அண்ணாநகர்_மாணவி:
நன்றி சார். சோமாலியாவில் கட்டளை யார் கையில்?

கடல்காற்று:
காகிதத்தில் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தளபதி. ஆனால் கென்யப் படை தன் எல்லையை ஒட்டிய பகுதியில், எத்தியோப்பியப் படை தன் எல்லைப் பக்கம். பெரிய முடிவு என்றால் நைரோபியிலும் அடிஸ் அபாபாவிலும் உள்ள அந்தந்த அரசைக் கேட்காமல் நகராது. இந்தப் பாயின்டை விடைத்தாளில் எழுதுங்கள், நோட்ஸில் இருக்காது.