டெலஸ்கோப் சைட்டுக்கு லென்ஸ் துடைக்கிறவங்கதான் வர்றாங்க, ஏன்?

வான்பித்தன்:
வீட்டுலயே டெலஸ்கோப் செய்றதப் பத்தி ஒரு சைட் நடத்துறேன். கண்ணாடி தேய்க்கறது, டியூப் அளவு, மவுண்ட்னு எல்லாம் இருக்கு. ஆனா சர்ச் கன்சோல்ல (என்ன தேடி நம்ம சைட்டுக்கு வர்றாங்கன்னு காட்டற கூகுளோட கருவி) பாத்தா 'கேமரா லென்ஸ் பூஞ்சை', 'லென்ஸ் எப்படி துடைக்கறது'ன்னு தேடுறவங்கதான் முக்கால்வாசி. அதப் பத்தி ஒரே ஒரு பக்கம்தான் எப்பவோ எழுதினேன். எல்லா பக்கத்துலயும் மெட்டா கீவேர்ட்ஸ்ல (பக்கத்தோட கோட்ல மறைவா எழுதற வார்த்தைப் பட்டியல்) 'டெலஸ்கோப்'னு போட்டிருக்கேன். ஒரு சைட் எதப் பத்தினதுன்னு சர்ச் இஞ்சின் எத வச்சுதாங்க முடிவு பண்ணுது?

கோட்மணி:
மெட்டா கீவேர்ட்ஸ மறந்துடுங்க. தேடல் முடிவுகள வரிசைப்படுத்த அத பாக்கறதே இல்லன்னு கூகுள் 2009லயே சொல்லிட்டாங்க, ஆளாளுக்கு சம்பந்தமில்லாத வார்த்தைய அள்ளிப் போட்டு அத கெடுத்து வச்சாங்க. அந்த லென்ஸ் பக்கத்த தூக்கிடுங்க, சரியாயிடும்.

தேடல்ராணி:
தூக்காதீங்க ப்ளீஸ்! உங்க சைட்லயே நல்லா நிக்கற பக்கம் அதுதான்.

சர்ச் இஞ்சின் சைட் மொத்தத்துக்கும் ஒரு லேபிள் ஒட்டி வரிசைப்படுத்தறதில்ல, பெரும்பாலும் ஒவ்வொரு பக்கமாதான் எடை போடுது. பக்கத்துல இருக்கற வார்த்தைகள்ல எங்க பாத்தாலும் வர்ற வார்த்தைக்கு மதிப்பு கம்மி, அபூர்வமா வர்றதுக்கு அதிகம், இந்த யோசனைய கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ்ங்கற கம்ப்யூட்டர் விஞ்ஞானி 1972லயே எழுதிட்டாங்க. இப்போ அதோட நிக்காம வாக்கியத்தோட அர்த்தத்தையும் பாக்குது, கூகுள் 2019ல பெர்ட்ங்கற மொழி மாடல கொண்டு வந்தது அதுக்குத்தான்.

ஆனா நிறைய பேர் கவனிக்காதது லிங்க்கோட எழுத்து. மத்தவங்க உங்க பக்கத்துக்கு என்ன வார்த்தை போட்டு லிங்க் குடுக்கறாங்களோ அதுவும் உங்க கணக்குலதான் சேருது. 2003ல 'மிசரபிள் ஃபெயிலியர்'னு (படுதோல்வி) தேடினா ஜார்ஜ் புஷ்ஷோட வெள்ளை மாளிகைப் பக்கம் முதல்ல வந்துச்சு, அந்தப் பக்கத்துல அப்படி ஒரு வார்த்தையே கிடையாது, ஊர்ல இருக்கறவங்க எல்லாம் சேர்ந்து அந்த வார்த்தைல லிங்க் போட்டதால வந்தது. 2007ல அத சரி பண்ணாங்க, ஆனா லிங்க் எழுத்த பாக்கறத நிறுத்தல. சர்ச் கன்சோல்ல லிங்க்ஸ்னு ஒரு ரிப்போர்ட் இருக்கு, திறந்து பாருங்க.

வான்பித்தன்:
பாத்தேங்க. வெளிய இருந்து வர்ற லிங்க் எல்லாமே அந்த லென்ஸ் பக்கத்துக்குத்தான், எழுத்தும் 'லென்ஸ் பூஞ்சை எடுக்கும் முறை'ன்னுதான் இருக்கு. என் மெனுல 'பகுதி 1', 'பகுதி 2'ன்னு இருக்கு, எல்லா பக்கத்துக்கும் டைட்டில் சைட் பேருதான், அளவுகள் எல்லாம் படத்துக்குள்ள எழுதினது.

தேடல்ராணி:
அப்போ விஷயம் அங்கதான் இருக்கு. 'பகுதி 2'ன்னா உள்ள என்ன இருக்குன்னு படிக்கற ஆளுக்கே தெரியாதே! 'ஆறு இஞ்ச் கண்ணாடி தேய்க்கும் முறை'ன்னு மெனுலயும் டைட்டில்லயும் மாத்துங்க, படத்துல இருக்கற அளவ டேபிளா டைப் பண்ணிப் போடுங்க. லென்ஸ் பக்கத்துல கண்ணாடி பத்திப் பேசற இடத்துலயே இந்தப் பக்கத்துக்கு லிங்க் குடுங்க, 'மேலும் படிக்க'ன்னு போடாம விஷயத்த சொல்லி.

கோட்மணி:
ஆமா, அப்போ லென்ஸ் பக்கம் இருக்கட்டும். மாத்தினதும் சர்ச் கன்சோல்ல இருக்கற யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷன்ல அந்தப் பக்கத்தப் போட்டு இண்டெக்ஸ் ரிக்வெஸ்ட் குடுங்க, அதாவது பக்கத்த மறுபடி படிக்கச் சொல்லிக் கேளுங்க, கூகுள் திரும்ப வந்து படிக்க சில நாள்ல இருந்து சில வாரம் வரைக்கும் ஆகும், அதுக்குள்ள டைட்டில திரும்பத் திரும்ப மாத்திட்டு இருக்காதீங்க.