இரண்டு வகுப்புகள், ஒரே நாவல்: பின் வரிசைப் பிள்ளைகள் பேசுவது கேட்கவில்லை

எங்கள் ஆறாம் வகுப்பும் வேறு ஊர்ப் பள்ளியின் ஆறாம் வகுப்பும் ஒரே நாவலைப் படிக்கிறோம். வாரம் ஒருமுறை வீடியோ காலில் கலந்துரையாடல். போன மாதம் தொடங்கியதிலிருந்து ஒரே சிக்கல். லேப்டாப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை பேசினால் தெளிவாகக் கேட்கிறது. பின் வரிசை என்றால் பாதி வார்த்தை காணாமல் போகிறது. எல்லோரும் சேர்ந்து ஒரு பத்தியை வாசித்தால் சத்தமே அடங்கிவிடுகிறது.

லேப்டாப்பிலேயே உள்ள மைக், புரொஜெக்டர், புளூடூத் ஸ்பீக்கர், இவ்வளவுதான் இருக்கிறது. நெட் பிரச்சினை இல்லை, படம் தடையில்லாமல் வருகிறது. வீடியோ கால் செயலியில் பின்னணிச் சத்தத்தைத் தானாக வடிகட்டும் இரைச்சல் குறைப்பை அணைத்தோம். சேர்ந்து வாசிப்பது கேட்டது, ஆனால் ஃபேன் சத்தமும் எதிரொலியும் கூடவே வந்தன. அப்புறம் ஸ்பீக்கரை வயரில் இணைத்ததும் எதிரொலி மட்டும் குறைந்தது.

ஒவ்வொருவராக லேப்டாப் முன்னால் வந்து பேசச் சொன்னால், கூச்சப்படும் பிள்ளைகள் எழுந்து வருவதே இல்லை. கதையைப் பற்றி நல்ல கேள்விகள் அவர்களிடமிருந்துதான் வருகின்றன. அதை இழக்க மனமில்லை.

நாற்பது பேர் உள்ள அறைக்கு நடுவில் வைக்கும் கான்ஃபரன்ஸ் மைக் போதுமா, இல்லை கை மாற்றிப் பேசும் வயர்லெஸ் மைக்தான் சரிவருமா?