பளபளக்க மறுத்த கத்தரிக்காய்

2017-இல் வேலைக்காக டோக்கியோவின் நிஷிகசாய் பகுதிக்கு வந்தேன். இந்தியக் குடும்பங்கள் நிறைந்த இடம். துவரம்பருப்பு, புளி, பெருங்காயம் எல்லாம் நடந்துபோய் வாங்கிவிடலாம். முதல் ஆறு மாதம் சாம்பாரும் ரசமுமாக, ஜப்பானுக்கு வந்த நினைப்பே இல்லாமல் ஓடிவிட்டது.

சங்கடம் மதிய வேளையில்தான். அலுவலக நண்பர்கள் தொன்புரி கடைக்கு அழைத்துப் போவார்கள். ஆழமான கிண்ணத்துக்கும் தொன்புரி என்றுதான் பெயர். அதில் சுடுசோற்றின் மேல் கறியோ மீனோ பரப்பிக் கொடுக்கும் சாப்பாட்டுக்கும் அதே பெயர். சைவக்காரனான எனக்கு அங்கே வாய்த்தது வெள்ளைச் சோறும் இரண்டு துண்டு முள்ளங்கி ஊறுகாயும். எதிரே இருப்பவர் கிண்ணத்தில் மட்டும், எண்ணெய் தேய்த்துத் துடைத்த ஊஞ்சல் பலகைபோல் ஒரு பழுப்பு மினுமினுப்பு. அதைக் காய்கறியில் கொண்டுவந்தே தீருவது என்று வீம்பு பிடித்துக்கொண்டது.

அந்த மினுமினுப்போடு சமைப்பதற்குத் தெரியாகி என்று பெயர். அந்தச் சொல்லில் ‘தெரி’ என்றால் பளபளப்பு, ‘யாகி’ என்றால் வாட்டியது. பெயரிலேயே தெரி இருந்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கேரட், குடமிளகாய், கத்தரிக்காய், காளான் எல்லாவற்றையும் குருமாவுக்கு நறுக்குவதுபோல் நறுக்கி வாணலியில் போட்டேன். ஷோயுவையும் (அதாவது சோயா சாஸ்) சர்க்கரையையும் மேலே ஊற்றி மூடி வைத்தேன். திறந்து பார்த்தால் காய்கள் கறுப்பு ரசத்தில் மிதந்தன. வற்றட்டும் என்று தீயைக் கூட்டினேன். மேலே தண்ணீர், அடியில் கரி. சர்க்கரை அடிப்பிடித்த அந்த வாணலியை இரண்டு நாள் ஊறவைத்துத் தேய்த்தேன்.

அடுத்து குறுக்குவழி. கடையில் ஆயத்த சாஸ் புட்டி கிடைத்தது. ஊற்றினால் போதும், மினுமினு என்று வந்துவிடும். மூன்று மாதம் நிம்மதியாகச் சாப்பிட்டேன். ஒருநாள் அலுவலக நண்பர் புட்டியைத் திருப்பிப் பார்த்து, “நீங்கள் மீன் சாப்பிட மாட்டீர்கள் அல்லவா?” என்றார். பொருள்கள் பட்டியலில் கட்சுவோ மீன் சாறு. எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாததற்குப் புட்டி என்ன செய்யும். அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

எனக்கு வழி காட்டியது ஒரு விலாங்கு மீன் கடை. உள்ளே போனதில்லை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்ததால் கண்ணாடிச் சன்னல் வழியே தினமும் பத்து நிமிடம் அடுப்பைப் பார்ப்பேன். பெரியவர் ஒருவர் கம்பியில் கோத்த விலாங்கை முதலில் எதுவும் தடவாமல் கரியில் வாட்டுவார். பிறகு ஆவியில் வைப்பார். அது வெந்து மெத்தென்று ஆன பிறகுதான் ‘தாரே’ என்கிற இனிப்பு ஷோயுக் கரைசல் இருக்கும் ஜாடிக்குள் முக்குவார். கரிக்குத் திரும்பும். மறுபடி முக்குவார். ஒவ்வொரு முறையும் நிறம் ஒரு படி ஏறும். ஜாடியிலிருந்து எடுத்ததும் மணிக்கட்டை ஒரு உதறு. சொட்டுகிற தாரே ஜாடிக்கே போய்விடும், ஒட்டியது மட்டும் நெருப்புக்குப் போகும். விலாங்குக் கடை வாசனையையே தொட்டுக்கொண்டு சோறு தின்ற கஞ்சன் கதை ஜப்பானில் உண்டு. கடைக்காரன் காசு கேட்டபோது அவன் சில்லறையைக் குலுக்கிச் சத்தத்தை மட்டும் கொடுத்தானாம். நானும் பஸ்ஸுக்கு நின்று அந்தக் கடன்தான் வைத்திருக்கிறேன்.

அப்போதுதான் உறைத்தது. நாம் குழம்பில் காயை வேகவைப்பவர்கள். இங்கே காய் வெந்து, ஈரம் போன பிறகுதான் குழம்புக்கே வேலை.

விலாங்குக்குப் பதில் கத்தரிக்காய் வைப்பது என் கண்டுபிடிப்பு அல்ல. இங்கே வீடுகளில் செய்வதுதான். நாசு என்றால் கத்தரிக்காய், காபாயாகி என்றால் விலாங்கைப்போல் தாரே தடவி வாட்டுவது, ஆகவே நாசு காபாயாகி என்பார்கள். ஜூலைக் கடைசி வெயிலில் விலாங்கு சாப்பிட வேண்டிய நாள் ஒன்று வரும். ஆனால் ஜப்பானிய விலாங்கு 2014-இல் அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் உலகப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. விலையும் எட்டாத உயரம்.

மூன்று கத்தரிக்காயைத் தோல் சீவி, உறையிட்டு, 600 வாட் மைக்ரோவேவில் ஐந்து நிமிடம் வைப்பேன். இட்லிப் பானையும் போதும். பச்சைக் கத்தரிக்காய் பஞ்சுபோல் எண்ணெய் குடிக்கும், வெந்துவிட்டால் குடிக்காது. ஆறியதும் நீளவாக்கில் கீறி, துண்டாகிவிடாமல் புத்தகம்போல் விரித்து, முள்கரண்டியால் உள்சதையில் கோடு இழுக்க வேண்டும். துணியால் ஒற்றி, உருளைக்கிழங்கு மாவு மெலிதாகத் தூவி, இரண்டு பக்கமும் பொன்னிறமாகும்வரை எண்ணெயில் வாட்டிவிட்டு, மிச்ச எண்ணெயைத் துடைத்து எடுத்துவிடுவேன். துடைக்காவிட்டால் தாரே வழுக்கிக்கொண்டு ஓடும்.

தாரே இருவருக்கு: ஷோயு, மிரின் (இனிப்பான சமையல் அரிசி மது), சாக்கே (அரிசி மது) தலா இரண்டு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒன்று. ஊற்றியதும் முதலில் சின்னச் சின்னக் குமிழிகளாக நுரைக்கும். அப்போது ஒன்றும் செய்யக் கூடாது. ஒரு நிமிடத்தில் குமிழிகள் பெரிதாகி, சோம்பலாக வெடிக்கத் தொடங்கும். வாணலியைச் சாய்த்துக் கரண்டியால் மேலே மேலே ஊற்ற வேண்டிய நேரம் அதுதான். கரண்டி போன தடம் ஒரு நொடி மூடாமல் நின்றால் இறக்கிவிடலாம். ஆறும்போது இன்னும் இறுகும். நம் பாகுப் பதம் தெரிந்த கை இதில் தோற்காது. கம்பிப் பதத்துக்கு வெகு முன்னால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

மிரின் வாங்கும்போது கவனம். ‘ஹொன் மிரின்’ என்பதில் ஏறக்குறைய 14 சதவீதம் ஆல்கஹால் உண்டு. பக்கத்திலேயே மலிவாக இருக்கும் ‘மிரின் போன்றது’ பெரும்பாலும் சர்க்கரைப் பாகு. சமையல் சாக்கேயில் உப்பு சேர்த்திருப்பார்கள். இது தெரியாமல் என் முதல் தாரே உப்புக் கரித்தது.

சோற்றை விட்டுவிட்டேனே. ஜப்பானிய அரிசியைத் தண்ணீர் தெளியும்வரை கழுவி, அரை மணி ஊறவைத்து, மூடியே திறக்காமல் வைக்க வேண்டும். வெந்த பின்னும் பத்து நிமிடம் தொடக் கூடாது. அளவு ‘கோ’, 180 மில்லி. நம் ஆழாக்கைவிட ஒரு மிடறு அதிகம். 2025 வசந்தத்தில் ஐந்து கிலோ அரிசி 4,000 யென்னைத் தாண்டியபோது, அடியில் ஒட்டிய பருக்கையைக்கூடச் சுரண்டித் தின்றோம்.

ஒருமுறை கை சும்மா இராமல் பூண்டும் வரமிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்தேன். நன்றாகவே இருந்தது, கத்தரிக்காய் வறுவலாக. இப்போது மேலே சான்ஷோ என்ற ஜப்பானிய மிளகின் பொடி மட்டும். எலுமிச்சைத் தோல் மணமும் நாக்கில் லேசான மரமரப்பும்.

அக்டோபரில் அம்மா வந்திருந்தாள். ‘இலையுதிர்காலக் கத்தரிக்காயை மருமகளுக்குக் கொடுக்காதே’ என்று ஜப்பானில் ஒரு பழமொழி உண்டு என்றேன். ருசியானதை மாமியார் பதுக்குகிறாள் என்பது ஒரு விளக்கம், மருமகளின் உடம்பு குளிர்ந்துவிடும் என்ற அக்கறை என்பது இன்னொன்று. “இரண்டாவதை மாமியார்தான் கட்டியிருப்பாள்” என்றாள் அம்மா, என் மனைவியின் கிண்ணத்தில் இன்னொரு துண்டை வைத்துக்கொண்டே.

ஒசாகாவிலிருந்து ஒருவர்

அண்ணா, உப்பில் நான் உங்களை மிஞ்சியவன். இந்தப் பக்கம் ‘உசுகுச்சி’ என்ற வெளிர் ஷோயு அதிகம் புழங்கும். நிறம் குறைவு, ஆகவே உப்பும் குறைவு என்று தாராளமாக ஊற்றினேன். சாதாரண ஷோயுவில் 16 சதவீதம் உப்பு என்றால் அதில் 18-க்கும் மேல். இன்னொரு கூத்து: சென்ஷு வட்டாரத்தின் ‘மிசுநாசு’, அதாவது தண்ணீர்க் கத்தரிக்காய், வாங்கி வந்து தெரியாகி செய்தேன். பச்சையாகவோ ஊறுகாயாகவோ தின்ன வேண்டியது அது. பிழிந்தால் தண்ணீர் சொட்டும். வாணலியில் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நகோயாவிலிருந்து, சொந்த ஊர் தூத்துக்குடி

உங்கள் புட்டியில் இருந்த கட்சுவோ எங்கள் ஊர் மாசிக்கருவாட்டின் தாயாதிதான். சூரை மீனை அவித்து, புகைபோட்டு, மரக்கட்டைபோல் காயவைத்துச் சீவுகிறார்கள். முதன்முதலில் ஜப்பானியக் கடையில் அந்த வாசனை வந்தபோது எனக்கு ஆச்சி வீட்டு மாசிச் சம்பல் ஞாபகம் வந்தது. நான் மீன் சாப்பிடுகிறவன். ஆனாலும் மனைவி சைவம் என்பதால் உங்கள் சிக்கல் புரிகிறது. மீன் இல்லாமல் அந்த ஆழம் எப்படி வருகிறது?

சென்னையிலிருந்து, நான்கு ஆண்டு டோக்கியோவில் இருந்தவர்

இங்கே திரும்பிய பிறகு மளிகைக் கடையில் கிடைத்த கறுப்பு சோயா சாஸில் செய்தேன். கீல் மாதிரி வந்தது, கசப்பு வேறு. லேபிளைப் பார்த்தால் நிறத்துக்குச் சேர்த்த கேரமல். இயல்பாகப் புளிக்கவைத்த சோயா சாஸ் என்று எழுதியிருப்பதைத் தேடி வாங்குங்கள். மாவுக்குச் சோள மாவு சரியாக வருகிறது. வெல்லம் வேண்டாம், அது அதிரசத்தை நினைவூட்டுகிறது. பொன்னி பச்சரிசியைக் குழைய வடித்தும் குச்சியில் நிற்கவில்லை, கரண்டிக்கு மாறிவிட்டேன். வீட்டில் மது சேர்க்கக் கூடாது என்றால் மிரினுக்கு என்ன செய்வது, அண்ணா?

முதலில் எழுதியவர்

மிரின் ஒரு மேசைக்கரண்டிக்கு அதே அளவு தண்ணீரும் ஒரு தேக்கரண்டி சர்க்கரையும். பளபளப்பு வரும், அந்த மெல்லிய மணம் வராது.

நகோயா நண்பருக்கு: கொம்பு என்ற கடற்பாசித் துண்டையும் காய்ந்த ஷிடாக்கே காளானையும் இரவே தண்ணீரில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்துவிடுவேன். பௌத்த மடங்களின் சமையலில் மீனுக்குப் பதில் இந்தத் தண்ணீர்தான். 1908-இல் இகேதா கிகுனாயே குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்து ‘உமாமி’ என்று பெயர் வைத்ததும் கொம்புவிலிருந்துதான். தாரேயில் சாக்கேயைப் பாதியாக்கி, மீதிக்கு இதை ஊற்றுங்கள்.

ஊறிய காளானை எறியாதீர்கள், அதுவும் வாணலிக்குள் போகலாம். இன்று இரவு தாமரைக்கிழங்கில் செய்யப்போகிறேன். அதன் ஓட்டைகளில் தாரே நிற்குமா, கீழே ஒழுகிவிடுமா என்று பார்க்க வேண்டும்.