வீமன் நக்கினால் புண் ஆறுமா?

குழு: வடலியடி வீடு

மாலா, காலை 6.38
[படம்]
மாமாவின் கால். முந்தநாள் வேலி அடைக்கும்போது பனைமட்டைக் கருக்கு கிழித்தது. இரவு சாய்மனைக்கதிரையில் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறார், வீமன் பக்கத்தில் இருந்து புண்ணை நக்குகிறது. கலைத்தால் எனக்குத்தான் பேச்சு.

சுகந்தி அக்கா, 6.41
ஐயோ அப்பா, நாயை நக்க விடுகிறீர்களா?

அப்பா, 6.55
பதறாதே பிள்ளை. நாய் தன் புண்ணை நக்கித்தானே ஆற்றுகிறது. வைரவரின் வாகனம் அது. இரண்டு நாளாக எனக்கு ஒரு நோவும் இல்லை.

சின்னம்மா, 7.02
அத்தான் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது. சின்ன வயதில் என் முழங்கால் சிராய்ப்பு நாய் நக்கித்தான் ஆறியது. பைபிளில் லாசருவின் புண்ணையும் நாய்தானே நக்கியது?

நான், 7.04
சின்னம்மா, அந்தக் கதையில் லாசரு செத்துப் போகிறார்.

சின்னம்மா, 7.04
அது நாயால் இல்லை.

சின்னம்மா, 7.06
[பலமுறை பகிரப்பட்டது] நாயின் எச்சில் பென்சிலினை விடச் சக்தி வாய்ந்தது!! எல்லோருக்கும் அனுப்புங்கள்!!

நான், 7.07
கீர்த்தி, எழும்பிவிட்டாயா? பேராதனையில் மிருக வைத்தியம் படிக்கிற ஆள் நீதான். அப்பப்பாவுக்கு நீயே சொல்லு.

கீர்த்தி, 7.31
இப்போதுதான் எழும்பினேன் அப்பா. அந்தப் பென்சிலின் கதையை விடுங்கள். ஆனால் அதற்குள் ஒரு துளி உண்மை உண்டு. நாயின் எச்சிலில் லைசோசைம் மாதிரி கிருமியைத் தாக்கும் பொருட்கள் இருக்கின்றன. 1990இல் வந்த ஓர் ஆய்வில் அது ஈ. கோலையையும் ஒருவகை ஸ்ரெப்ரோகொக்கசையும் கொன்றது. இரண்டும் பிறந்த குட்டிகளுக்கு ஆகாத கிருமிகள். தாய் நாய் தன் முலையையும் பின்பக்கத்தையும் நக்கித் துடைப்பது குட்டிகளுக்குக் காவல் என்பதுதான் அந்த ஆய்வின் விஷயம். எங்களுடைய புண்ணில் சீழ் பிடிக்க வைக்கிற ஸ்ரபைலோகொக்கசை அந்த எச்சில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.

அப்பா, 7.36
பார்த்தாயா, கொல்லுகிறது என்று நீயே சொல்கிறாய். கிரேக்கத்தில் எபிடோரஸ் என்ற ஊரில் வைத்தியக் கடவுள் அஸ்கிளீப்பியஸின் கோயிலில் நாய் நக்கி நோய் தீர்ந்ததென்று கல்வெட்டே இருக்கிறது. சரித்திரம் படிப்பித்தவனுக்குச் சொல்லித் தருகிறாயோ?

கீர்த்தி, 7.38
ஆறாமல் போனவன் கல்வெட்டு வெட்டுவித்திருக்க மாட்டான் அப்பப்பா.

நான், 7.38
😀

கீர்த்தி, 7.44
வீமன் அந்த நாக்கால் வேறு என்னவெல்லாம் செய்கிறது என்று யோசியுங்கள். காலமை கோழிக்கூட்டடியில் என்ன தின்றது, பிறகு எங்கே நக்கியது. அதன் வாயில் பாஸ்ரரெல்லா என்று ஒரு பற்றீரியா சாதாரணமாகவே குடியிருக்கும். நாய்க்கு ஒன்றும் செய்யாது. திறந்த புண்ணுக்குள் போனால் ஒரே நாளில் சிவந்து வீங்க வைக்கும். கப்னோசைற்றோபாகா என்று இன்னொன்று. 1976இல்தான் அதைக் கண்டுபிடித்து எழுதினார்கள். பெரும்பாலானோருக்கு ஒன்றும் வராது. மண்ணீரல் எடுத்தவர்கள், நிறையக் குடிக்கிறவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு வந்தால் இரத்தத்தில் பரவி விரல்களை எடுக்கிற அளவுக்குக்கூடப் போகும்.

மாலா, 7.46
பிறகு ஏன்தான் நக்குகிறது? பாசம் இல்லையா?

கீர்த்தி, 7.52
பாசமும்தான் அம்மா. குட்டியைத் தாய் நக்கும், கூட்டத்தில் ஒன்றை ஒன்று நக்கும், அந்தப் பழக்கம். அதோடு புண்ணில் ஊறுகிற நீரிலும் இரத்தத்திலும் உப்புச் சுவை, அதற்குப் பிடித்த மணம். இன்னொன்று, அது நக்கும்போதெல்லாம் அப்பப்பா "என் ராசா" என்று தலையைத் தடவுகிறார். பிறகு ஏன் விடும்?
நாய் தன் புண்ணைத் தானே நக்குவதையும் நாங்கள் விடுவதில்லை. தையல் போட்ட நாயின் கழுத்தில் வாளி மாதிரி ஒன்றைப் பூட்டுவோம் இல்லையா? நக்கி நக்கித் தையலைப் பிரித்துவிடும், அதற்காகத்தான்.

வதனி, 8.10
ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். அண்ணி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புண்ணின் ஓரம் வெள்ளையாக ஊறிப்போய் இருக்கிறது, மழையில் நனைந்த விரல் மாதிரி. அது ஆறுகிற தோல் இல்லை. விடிய விடிய ஈரமாக வைத்திருந்த தோல்.
பெரியப்பா, எனக்கு நாயை விட வேறொன்றுதான் யோசனை. விரல் நீளக் கிழிசல், இரண்டு நாளாக நோவே இல்லை என்கிறீர்கள். சீனி வருத்தம் எத்தனை வருடம்?

அப்பா, 8.13
பதினாலு.

வதனி, 8.17
அண்ணி, ஒரு சின்ன வேலை. பெரியப்பா கண்ணை மூடட்டும். உங்கள் சுட்டுவிரல் நுனியால் அவருடைய பெருவிரல், நடுவிரல், சின்னவிரலைத் தொடுங்கள். இரண்டு காலிலும். பூவைத் தொடுகிற மாதிரி, ஒரு நொடி இரண்டு நொடி. அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. தெரியும்போது "ஓம்" என்று சொல்லட்டும்.

மாலா, 8.26
வலது காலில் மூன்று தரமும் ஓம். இடது காலில் பெருவிரலுக்கு மட்டும் ஓம். மற்ற இரண்டையும் தொட்ட பிறகு "தொடங்கு பிள்ளை" என்கிறார்.

நான், 8.27
புண் இருப்பது இடது காலில்.

வதனி, 8.31
ஆறில் இரண்டு தெரியாமல் போனாலே காலில் உணர்வு குறைந்திருக்கிறது என்றுதான் எடுப்போம். நோவைப் போக்கியது வீமன் இல்லை பெரியப்பா, சீனி. கால் விறைத்துக்கொண்டு வருகிறது. நித்திரையில் நாய் விரலைக் கடித்துத் தின்ற பிறகுதான் எழும்பிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள், மருத்துவ ஏடுகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். பயப்படுத்தவில்லை, இன்றைக்கே போங்கள்.

சுகந்தி அக்கா, 8.33
அப்பா???

அப்பா, 8.40
சரி. பின்னேரம் போவோம்.

கீர்த்தி, 8.41
பின்னேரம் வேண்டாம், இப்போதே. அம்மா, வீமனின் ஊசி அட்டை எங்கே?

மாலா, 8.55
அரிசி வாளிக்குப் பின்னால் கிடந்தது. கடைசி ஊசி முந்தின வருடம் மாசி. போன வருடம் எல்லோரும் மறந்துபோனோம்.

கீர்த்தி, 9.02
வருடத்துக்கு ஒருதரம் போட வேண்டும். படலை திறந்திருந்தால் அது ஒழுங்கை முழுக்கச் சுற்றுகிற நாய்.
விசர்நாய் என்றால் கடிக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வைரஸ் இருப்பது எச்சிலில். உலக சுகாதார நிறுவனம் மூன்று வகையாகப் பிரிக்கிறது. காயமில்லாத தோலை நாய் நக்கினால் முதலாம் வகை, ஊசி தேவையில்லை. திறந்த புண்ணை நக்கினால் மூன்றாம் வகை. கடித்து இரத்தம் வந்தவனும் அதே வரிசையில்தான் நிற்கிறான். வருத்தம் வெளியே தெரிந்த பிறகு காப்பாற்ற ஏறத்தாழ வழியே இல்லை. வீமனுக்கு ஒன்றும் இருக்காது, சாப்பிடுகிறது, விளையாடுகிறது. ஆனாலும் அதைத் தீர்மானிப்பது டொக்டர், நானோ அப்பப்பாவோ இல்லை.

வதனி, 9.05
போவதற்கு முன் புண்ணைச் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மணிக்கூட்டைப் பார்த்து. மஞ்சள், தேங்காயெண்ணெய், கோப்பித்தூள் ஒன்றும் வைக்க வேண்டாம்.

சின்னம்மா, 9.06
கோப்பித்தூள் என்று நான் இன்னும் சொல்லவே இல்லையே.

வதனி, 9.06
தெரியும் அம்மா.

நான், 9.30
கிணற்றடியில் இருக்கிறோம். எட்டாவது நிமிடத்திலேயே "போதும்" என்கிறார். மாலா விடவில்லை. ஓட்டோ படலையில் நிற்கிறது.

நான், பிற்பகல் 1.48
முடிந்தது. புண்ணைத் திரும்பவும் கழுவி மருந்து கட்டினார்கள். ஏற்புவலி (ரெற்றனஸ்) ஊசி ஒன்று. விசர்நாய் ஊசியில் முதல் தவணை போட்டாயிற்று, மற்றவற்றுக்குத் தேதி எழுதித் தந்தார்கள். சீனி 268. வருகிற கிழமை கிளினிக்கில் காலை வடிவாகப் பரிசோதிப்பார்கள். வீமனைப் படலைக்கு வெளியே விடாமல் இரண்டு கிழமை பார்க்கச் சொன்னார்கள். சாப்பிடாமல் விட்டாலோ குணம் மாறினாலோ செத்தாலோ உடனே வந்து சொல்ல வேண்டும்.

சுகந்தி அக்கா, 1.50
அப்பா என்ன சொல்கிறார்?

நான், 1.52
ஓட்டோவில் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சங்கிலியை எடுத்து வீமனைத் தானே மாமரத்தில் கட்டினார். பிறகு அதற்குப் பக்கத்தில் வாங்கு போட்டு இருந்துவிட்டார்.

வதனி, 2.05
காலைத் தூக்கி வைக்கச் சொல்லுங்கள் அண்ணை. சங்கிலி எட்டாத தூரத்தில்.

மாலா, 5.20
கட்டை மணந்து பார்க்க வந்தது. மருந்து மணத்துக்கு இரண்டு தரம் தும்மிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

அப்பா, 5.31
கீர்த்தி, வீமனுக்கு எப்போது ஊசி போடலாம்?

கீர்த்தி, 5.34
இந்த இரண்டு கிழமை முடியட்டும் அப்பப்பா. பிறகு பீ.எச்.ஐ.யிடம், அதுதான் சுகாதாரப் பரிசோதகரிடம், கேட்டால் எங்கே, எப்போது போடுகிறார்கள் என்று சொல்வார். வாசிகசாலையடியிலும் சிலவேளை வந்து போடுவார்கள். காசில்லை.

அப்பா, 5.35
நானே கொண்டுபோவேன்.

மாலா, 5.49
[படம்]
இப்போது மாமாவின் செருப்பை நக்கிக்கொண்டு இருக்கிறது. இடது கால் செருப்பு.