கழுகு தன் அலகைத் தானே உடைத்துக்கொள்ளுமா?

கூர்நகம்:
தன்னம்பிக்கைப் பகுதியில் விடியல்செல்வம் போட்ட கழுகுக் கதையைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை, அதனால் தனித் திரி. கதை தெரியாதவர்களுக்கு: கழுகு 70 வருடம் வாழுமாம். 40 வயதில் நகம் நீண்டு இரையைப் பிடிக்க முடியாமல் போகுமாம், அலகு வளைந்து நெஞ்சைக் குத்துமாம், இறகு தடித்துப் பறக்க வராதாம். மலை உச்சிக்குப் போய் அலகைப் பாறையில் மோதி மோதிப் பிய்த்துப் போடுமாம். புது அலகு முளைத்ததும் அதைக்கொண்டு நகங்களைப் பிடுங்குமாம், நகம் முளைத்ததும் இறகுகளைப் பிடுங்குமாம். மொத்தம் 150 நாள். பிறகு இன்னும் 30 வருட வாழ்வாம்.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். கடைசியில் "இது அறிவியல்பூர்வமான உண்மை" என்று ஒரு வரி போட்டிருக்கிறார். எந்த அறிவியல்?

கதைக்கு வைத்திருக்கும் படத்தில் இருப்பது வட அமெரிக்காவின் வெண்தலைக் கழுகு. காட்டில் அது 20 முதல் 30 வருடம் வாழ்ந்தாலே பெரிது. 1977இல் காலில் அடையாள வளையம் மாட்டிய ஒரு கழுகு 2015இல் நியூயார்க் மாநிலத்தில் வண்டியில் அடிபட்டுச் செத்தது. வயது 38. வளையமிட்ட காட்டுப் பறவைகளில் அதுதான் சாதனை. கதைப்படி அதற்கு அலகைப் பிய்க்கும் வயதே இன்னும் வரவில்லை.

அலகுக்கு வருவோம். உள்ளே இருப்பது தாடை எலும்பு. அதன்மேல் ரத்தம் ஓடும் மெல்லிய தோல், அதற்கும் மேல்தான் கெரட்டின் என்ற கெட்டிப் புரதத்தாலான உறை. இந்த உறை ஆயுள் முழுக்க வளரும், கூடவே தேயும். இரையை எலும்போடு கிழிக்கும்போது தேயும். தின்று முடித்ததும் கிளையில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கத்தி தீட்டுவது போல் இழுக்குமே, அதிலும் தேயும். காட்டுக் கழுகுக்கு நெஞ்சைத் தொடும் அளவுக்கு அலகு வளர வழியே இல்லை.

எலும்போடு போன அலகு திரும்ப முளைக்காது. 2005இல் அலாஸ்காவில் எவனோ சுட்டதில் ஒரு வெண்தலைக் கழுகின் மேல் அலகு சிதறிப்போனது. பியூட்டி என்று பெயர் வைத்துக் காப்பாற்றினார்கள். மூன்று வருடம் ஆகியும் தானாகத் தின்னும் அளவுக்கு அலகு வரவில்லை. 2008இல் ஐடஹோவில் முப்பரிமாண அச்சில் செயற்கை அலகு செய்து பொருத்தினார்கள். 150 நாளில் முளைக்கிற சாமானுக்கு இவ்வளவு பாடு எதற்கு?

விடியல்செல்வம்:
வணக்கம் கூர்நகம் சார். "ஆயுள் முழுக்க வளரும்" என்று எழுதியது நீங்கள். நான் இல்லை. அப்படியானால் அலகு வளரும். கதையும் அதைத்தான் சொல்கிறது. அப்புறம் எதற்கு இவ்வளவு நீளம்?

உங்களுக்கு இது வழக்கம்தான். தவளைக் கதைத் திரியிலும் இதே பாட்டுத்தான் பாடினீர்கள்.

கூர்நகம்:
தவளைத் திரியை நீங்களே இழுத்தது நல்லதாயிற்று. சூடேறும் தண்ணீரில் தவளை சொரணையில்லாமல் உட்கார்ந்து வெந்துபோகும் என்றீர்கள். 1869இல் கோல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் செய்த சோதனையில் அப்படி உட்கார்ந்திருந்தது மூளை அகற்றப்பட்ட தவளை. மூளையோடு இருந்த தவளை சூடு ஏற ஏறத் தப்பிக்கப் பார்த்தது. அன்றைக்கு இதைச் சொன்னதும் திரியை விட்டுப் போனவர் நீங்கள், பதில் இன்னும் வரவில்லை.

வளர்வது உறை. கதையில் பறவை பிய்த்துப் போடுவது அலகை. இரண்டும் ஒன்றா?

விடியல்செல்வம்:
அலகு வளருமா, வளராதா? வளரும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அவ்வளவுதான்.

மலர்விழி_ஆசிரியை:
இருவருக்கும் ஒரு கேள்வி. முயல் ஆமையோடு பந்தயம் ஓடியதா? எட்டாத திராட்சை புளிக்கும் என்று நரி பேசியதா? அதையெல்லாம் வகுப்பில் சொல்லும்போது எந்தப் பிள்ளையும் ஆதாரம் கேட்பதில்லை. நீதிக்கதையை நீதிக்கதையாகப் படிக்கத் தெரியாதா? பழையதை விட்டால்தான் புதியது வரும் என்ற ஒரு கருத்துக்காகச் சொல்கிறோம். அலகும் எலும்பும் யாருக்கு வேண்டும்?

கூர்நகம்:
டீச்சர், நரி பேசுகிறது என்றதுமே அது கதை என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். இங்கே பேசும் பறவை எங்கே? 70, 40, 150, 30 என்று எண்ணாகப் போட்டிருக்கிறது. எண்ணைப் பார்த்தால் பிள்ளை நம்பும், பொது அறிவு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளும். நாளைக்கு அறிவியல் வகுப்பில் நீங்களே அதை அடிக்க வேண்டியிருக்கும்.

கருத்தாவது உருப்படியா? பட்டினி கிட, உடம்பைப் பாறையில் மோது, ரத்தம் வரப் பிடுங்கு, அப்போதுதான் வாழ்வு என்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்கிற பாடமா இது?

உண்மையில் கழுகு இறகு மாற்றுவதைச் சொல்லிக்கொடுங்கள். ஒரு சிறகில் பெரிய பறப்பிறகுகள் பத்து. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் உதிர்க்காது. ஒன்றிரண்டு விழும், அவை வளர வளர அடுத்தது விழும். இரண்டு சிறகிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுவதால் சாய்வு வராது. பெரிய கழுகுக்கு ஒரு வருடத்தில் முழுச் சுற்றும் முடியாது, மிச்சம் அடுத்த வருடத்துக்குப் போகும். ஒரு நாள்கூட வேட்டையை நிறுத்தாமலே சிறகு முழுவதையும் மாற்றிவிடுகிறது. இதைவிடவா நல்ல கதை வேண்டும்?

மலர்விழி_ஆசிரியை:
என் வகுப்பில் எது நல்ல கதை என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சொல்வேட்டை:
அடிப்படையே கோளாறு, யாரும் கவனிக்கவில்லை. செல்வத்தின் பதிவில் தலைப்பு "கழுகு", மூன்றாம் பத்தியில் "பருந்து", கடைசியில் "வல்லூறு". மூன்றும் வேறு வேறு பறவை. கூர்நகமும் படத்தில் இருப்பதைக் கழுகு என்றே எழுதுகிறார். தமிழில் கழுகு என்பது பிணம் தின்னும் பறவைக்கே காலங்காலமாக வழங்கிய பெயர். திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் சர்க்கரைப் பொங்கல் தின்ன வந்த இரண்டும் கழுகு என்றுதானே ஊரே சொன்னது?

கூர்நகம்:
திருக்கழுக்குன்றத்துக்கு வந்தவை மஞ்சள்முகப் பாறு. பிணந்தின்னிகளுக்குப் பாறு, வேட்டையாடும் பெரிய பறவைக்குக் கழுகு என்று பறவை நோக்குபவர்கள் பிரித்து எழுத ஆரம்பித்து வெகு நாளாகிறது. நீலகிரிப் பக்கத்து மாயாறு பள்ளத்தாக்கில் இருப்பவற்றையும் வெண்முதுகுப் பாறு, செந்தலைப் பாறு என்றுதான் எழுதுகிறார்கள்.

சொல்வேட்டை:
ஊர்ப்பெயரில் இருப்பது கழுகு. நீங்கள் சொல்வதற்காகத் திருப்பாறுக்குன்றம் என்று மாற்ற முடியாது. சங்கப் பாட்டில் எருவை என்று ஒரு சொல் இருக்கிறது, அதையாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

கூர்நகம்:
கேள்விப்பட்டிருக்கிறேன். எருவைக்கும் அலகு 150 நாளில் முளைக்காது.

பெத்தானியா:
இந்தக் கதை வேதாகமத்தில் (பைபிளில்) இருக்கிறது என்று இரண்டு பேர் எனக்குத் தனிமடல் அனுப்பியதால் எழுதுகிறேன். சங்கீதம் 103:5இல் கழுகைப் போல வயது திரும்புவதாக ஒரு வரி உண்டு. அவ்வளவே. பாறையும் இல்லை, 150 நாளும் இல்லை. அங்கே எபிரெயத்தில் வரும் சொல் நெஷர். அது பாறு என்னும் பிணந்தின்னிப் பறவையையும் குறிக்கும். மீகா 1:16இல் கழுகைப் போல மொட்டையாயிரு என்று வருவதும் அதே சொல்தான், கழுகுக்கு ஏது மொட்டைத் தலை?

பாறையில் தேய்க்கும் பகுதி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். கிழக் கழுகின் மேல் அலகு நீண்டு வளைந்துகொண்டே போய்க் கடைசியில் அது பட்டினியால் சாகும் என்று முதலில் எழுதியவர் அரிஸ்டாட்டில். பல நூற்றாண்டு கழித்து அதே சங்கீதத்துக்கு விளக்கம் எழுதிய கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டின், கழுகு அலகைப் பாறையில் மோதி அதிகப்படியை உடைத்துவிட்டு மறுபடி தின்னத் தொடங்கும் என்று சேர்த்தார். அவர்கூட அலகை அடியோடு பிய்க்கச் சொல்லவில்லை. ஆக இது பழைய மரபு. நேற்று முளைத்த புரளி என்று ஏளனம் செய்ய வேண்டாம்.

விடியல்செல்வம்:
நன்றி சகோதரி! அரிஸ்டாட்டிலும் அகஸ்டினும் சொன்னதைக் கூர்நகம் மறுக்கிறார். யார் பெரியவர் என்று வாசகர்களே முடிவு செய்யட்டும்.

பெத்தானியா:
நான் உங்களை ஆதரித்து எழுதவில்லை. அரிஸ்டாட்டில் எழுதியது அது சாகும் என்று. தயவுசெய்து முழுதும் படியுங்கள்.

விடியல்செல்வம்:
அலகு நீளும் என்று அவரும் சொல்கிறார் அல்லவா? எனக்கு அது போதும்.

பட்டினியைப் பற்றியும் சொல்கிறேன். எம்பெரர் பென்குவினில் ஆண், ஜோடி சேரும் காலத்திலிருந்து முட்டையை அடைகாத்து முடிக்கும்வரை ஏறத்தாழ 115 நாள் எதுவும் தின்னாமல் நிற்கிறது. பென்குவின் மொத்த இறகையும் ஒரே தடவையில் உதிர்த்துப் புதிதாக முளைக்க வைக்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலை இருவாச்சியில் பெட்டை மரப்பொந்துக்குள் தன்னை வைத்து அடைத்துக்கொண்டு இறகை உதிர்க்கிறது. பென்குவினுக்கும் இருவாச்சிக்கும் முடிந்தது கழுகுக்கு முடியாதா? இயற்கையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்.

கூர்நகம்:
இந்தத் திரியில் நீங்கள் எழுதிய முதல் உருப்படியான பதிவு இது, அதனால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எம்பெரர் ஆண் பட்டினியைத் தொடங்கும்போது 35, 40 கிலோ இருக்கும். தோலுக்கடியில் கெட்டிக் கொழுப்பு. முடிக்கும்போது எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் கரைந்திருக்கும். அதற்குப் பறக்கிற வேலை இல்லை, கொழுப்பைச் சுமக்கலாம். வெண்தலைக் கழுகு நாலைந்து கிலோ. நாளுக்கு 300, 400 கிராம் இறைச்சி வேண்டும். நன்றாகத் தின்று கொழுத்த பறவையே சில வாரம் தாண்டுவது கஷ்டம். 150 நாளுக்கு எதை எரிக்கும்?

இருவாச்சிப் பெட்டைக்கு ஆண் கொண்டுவந்து ஊட்டுகிறது. அத்திப்பழம், பூச்சி என்று பொந்தின் ஓட்டை வழியாக ஒவ்வொன்றாகப் போகும். உங்கள் கழுகு உச்சியில் தனியாக அல்லவா உட்கார்ந்திருக்கிறது?

இன்னொன்று, இதுதான் முக்கியம். இறகு, நகம், அலகு உறை மூன்றுமே கெரட்டின், அதாவது புரதம். வெண்தலைக் கழுகுக்கு ஏழாயிரத்துக்கும் மேல் இறகு, மொத்த எடை எலும்புக்கூட்டின் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். தின்னாமல் அவ்வளவு புரதம் எங்கிருந்து வரும்? இறகு வளரும்போது சில நாள் இரை குறைந்தாலே இறகின் குறுக்கே மெல்லிய கோடு விழுந்துவிடும். வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடம் கண்ணாடி போல் தெரியும். வேட்டைப் பறவை வளர்ப்பவர்கள் அதைப் பட்டினிக் கோடு என்பார்கள். பின்னால் இறகு சரியாக அந்த இடத்தில்தான் ஒடியும். பட்டினியில் வளர்ந்த இறகை வைத்துக்கொண்டு 30 வருடம் பறப்பதா?

மலர்விழி_ஆசிரியை:
ஒரு கதைக்கு எலும்புக்கூட்டை எடை போடும் அளவுக்கு வந்துவிட்டோம்.

கால்நடைமுற்றம்:
படித்துவிட்டு யாராவது வீட்டுப் பறவையின் அலகைக் கல்லில் தேய்க்கக் கூடாதே என்ற பயத்தில் எழுதுகிறேன். வளர்ப்புப் பறவைக்கு அலகு அதிகமாக வளர்வது உண்மை. எலும்பில்லாத மெத்தென்ற இரை, வழவழப்பான கம்பி என்று தேய வழியில்லாதது ஒரு காரணம். பட்ஜி என்ற சிறு கிளிக்கு ஈரல் கோளாறு, அலகோரச் செதில் பூச்சி இரண்டும் அடிக்கடி காரணம். காரணத்தைப் பார்க்காமல் நுனியை மட்டும் வெட்டினால் திரும்பவும் வளரும்.

மருத்துவர் வெட்டும் முறை இது. பறவையைத் துண்டில் சுற்றி, நெஞ்சை அழுத்தாமல் பிடிக்க வேண்டும். பறவை மூச்சு விட நெஞ்சு அசைந்தாக வேண்டும், அழுத்தினால் மூச்சுத் திணறிச் சாகும். மூக்குத் துளையை விரல் மூடக் கூடாது. நுனியை ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் எடுத்து, ஓரத்தை அரத்தால் தேய்ப்பார்கள். மின் அரம் என்றால் ஒரே இடத்தில் வைத்திருந்தால் சூடேறி உள்தோல் வெந்துவிடும். உள்ளே ரத்த நரம்பு நுனிவரை வரும், அதை வெட்டிவிட்டால் நிற்காமல் கசியும். ரத்தம் நிறுத்தும் பொடி கையில் இல்லாமல் ஆரம்பிக்கவே கூடாது. வீட்டில் செய்யக்கூடியது கூண்டில் சொரசொரப்பான மரக்கிளையும், கடல்நுரை என்று கடையில் விற்கும் கணவாய் ஓடும் வைப்பது மட்டும்தான்.

கழுகு, பருந்தை வீட்டில் வைத்திருப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அடிபட்டுக் கிடைத்தால் அட்டைப்பெட்டியில் இருட்டாக மூடி வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள்.

விடியல்செல்வம்:
வெட்டினால் "திரும்பவும் வளரும்" என்கிறார் கால்நடைமுற்றம். எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள். அலகு வளரும் என்பதற்கு மூன்றாவது சாட்சி!

கால்நடைமுற்றம்:
நான் சொன்னது நுனியை.

கூர்நகம்:
செல்வம், ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். 1990களின் கடைசியில் அலாஸ்காவில் கருந்தொப்பிச் சிட்டுகளுக்கு அலகு தாறுமாறாக நீளும் நோய் கண்டுபிடித்தார்கள். மேலும் கீழும் கத்திரிக்கோல் போல் பின்னிக்கொள்ளும். இறகு கோத முடியாது, சரியாகத் தின்ன முடியாது, குளிரில் சாகும். அலாஸ்காவில் பாறைக்கா பஞ்சம்? உங்கள் வைத்தியம் உண்மையென்றால் ஒன்றாவது மோதிச் சரிசெய்துகொண்டிருக்க வேண்டாமா?

விடியல்செல்வம்:
சிட்டுக்கு மன உறுதி கிடையாது. கழுகுக்கு உண்டு. கதையின் கருவே அதுதான்.

உங்கள் திருப்திக்காக என் பதிவில் ஒரு திருத்தம் செய்திருக்கிறேன். "அறிவியல்பூர்வமான" என்ற சொல்லை எடுத்துவிட்டேன். "இது உண்மை" என்பது அப்படியே இருக்கும்.

கூர்நகம்:
"உண்மை"யையும் எடுங்கள். 70ஐ எடுங்கள், 150ஐ எடுங்கள். எடுக்கும்வரை இந்தத் திரியை மேலே தூக்கிக்கொண்டேதான் இருப்பேன்.

சொல்வேட்டை:
மூன்றாம் பத்தியில் "பருந்து" இன்னும் அப்படியே இருக்கிறது.