பெஞ்ச்மார்க்: உரைகல்லா, ஒப்பளவா? (இயங்குதளக் கையேட்டுக்குச் சொல் தேவை)

செ. எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு,

திறந்த மூல இயங்குதளங்கள் பற்றிய ஆய்வகக் கையேட்டின் நான்காம் அத்தியாயம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தலைப்பு: "பெஞ்ச்மார்க் சோதனைக்கு எந்த இயங்குதளம்?" பெஞ்ச்மார்க், அதாவது கணினியின் திறனை அளக்கும் சோதனை, என்பதற்கு நல்ல தமிழ்ச்சொல் வேண்டும். பெயராகவும் வினையாகவும் நிற்க வேண்டும். தொகுப்பு, மதிப்பெண் போன்ற சொற்களோடு இடறாமல் புணரவும் வேண்டும். இடம் தெரிவதற்காக ஒரு பத்தி:

> டெபியன் லினக்ஸின் நிலைப்பதிப்பை வரைகலைத் திரை இல்லாமல் நிறுவுக. சோதனை முடியும்வரை மென்பொருள் பொதிகளைப் புதுப்பிக்க வேண்டாம். ஒவ்வொரு பெஞ்ச்மார்க்கையும் ஐந்து முறை ஓட்டி, முதல் ஓட்டத்தை விட்டுவிட்டு, மற்றவற்றின் இடைநிலை மதிப்பைக் குறித்துக்கொள்க.

தற்போதைக்குத் 'தரப்படுத்தல்' என்று போட்டு வைத்திருக்கிறேன்.

ம. எழுதியது:

தரப்படுத்தல் கூடாது. நியமங்களை வகுப்பதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே புழங்குகிறது. ஈழத்து வாசகருக்கோ 1970களின் பல்கலைக்கழக அனுமதி முறைதான் முதலில் நினைவுக்கு வரும்.

'உரைகல்' இருக்கும்போது வேறு எதற்குத் தேட வேண்டும்? பொன்னின் மாற்றைக் காட்டும் கல். வள்ளுவரும் "பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம் கருமமே கட்டளைக் கல்" (505) என்றார். செய்யும் வேலையை வைத்தே தரத்தை அறிவது. நாம் கணினிக்குச் செய்வதும் அதுதான். ஆங்கிலச் சொல்லின் வேரும் கல்லில்தான் இருக்கிறது. நில அளவையர் கல்லில் கிடைக்கோடு செதுக்கி, அதில் கோண இரும்பைப் பொருத்தி, மட்டக்கோலை அதன்மேல் நிறுத்துவார்கள். அந்த இரும்புதான் பெஞ்ச். 1972இன் வெட்ஸ்டோன், 1984இன் டிரைஸ்டோன் என்று சோதனை நிரல்களுக்குப் பெயர் வைத்துக் கணினிக்காரர்களும் கல்லையே பிடித்துக்கொண்டார்கள்.

இ. எழுதியது:

ஐயா, வெட்ஸ்டோன் என்றால் சாணைக்கல். அது தீட்டும், சோதிக்காது. அந்த நிரலுக்குப் பெயர் வந்ததும் இங்கிலாந்தில் உள்ள ஓர் ஊரிலிருந்து. 'கட்டளைக்கல்' இங்கே எடுபடாது. மூன்றாம் அத்தியாயம் முழுக்கக் 'கட்டளை வரி' பற்றியது. உரைகல்லிலும் அதே சிக்கல் உண்டு. உரைக்கோப்பு, உரைத்திருத்தி என்று படித்துவிட்டு வரும் மாணவர் 'உரைக்கல்' என்று ஒற்றுப் போட்டுத்தான் எழுதுவார்.

'பெஞ்ச்மார்க்' என்றே விட்டுவிடலாம். "கடிசொல் இல்லைக் காலத்துப் படினே" என்று தொல்காப்பியமே இடம் கொடுக்கிறது.

ம. எழுதியது:

உரைகல் வினைத்தொகை. உரைத்த கல், உரைக்கின்ற கல், உரைக்கும் கல். வல்லினம் மிகாது; சுடுகாடு, ஊறுகாய் என்று எழுதத் தெரிந்தவருக்கு இது தடுமாற்றமே இல்லை. மாணவர் பிழைவிடுவார் என்பதற்காகச் சொல்லைக் கைவிடுவதா? பிழையைத் திருத்துவதல்லவா ஆசிரியர் வேலை? காலத்துப் படும் சொல்லைத் தள்ள வேண்டாம் என்றுதான் நூற்பா சொல்கிறது. உள்ள சொல்லைப் பூட்டி வைக்கச் சொல்லவில்லை.

ப. எழுதியது:

பொருளைப் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம். யூனிக்ஸ்பெஞ்ச் என்ற சோதனைத் தொகுப்பு தரும் எண் தனித்து நிற்பதில்லை. ஸ்பார்க்ஸ்டேஷன் 20-61 என்ற பழைய இயந்திரத்துக்கு 10 என்று வைத்து, மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பெண் போடுகிறது. ஒப்பீடுதான் இதன் உயிர். அதனால் 'ஒப்பளவு'. ஒப்பளவுத் தொகுப்பு, ஒப்பளவு மதிப்பெண், ஒப்பளவிட்டபோது, எல்லாம் வருகிறது.

செ., அந்தப் பத்தியையும் திருத்த வேண்டும். ஐந்தில் ஒன்றை விட்டால் நான்கு மிஞ்சும். இடைநிலைக்கு ஒற்றைப்படைதான் வசதி; ஆறு முறை ஓட்டச் சொல்லுங்கள். முதல் ஓட்டத்தை விடுவதும் எல்லாச் சோதனைக்கும் பொருந்தாது. கோப்பைப் படிக்கும் சோதனையில் முதல் ஓட்டத்தில்தான் வட்டு உண்மையாக வேலை செய்கிறது. இரண்டாம் ஓட்டத்தில் அதே கோப்பு நினைவகத்தில் காத்திருக்கும். எண் பல மடங்கு ஏறும், மாணவர் அதை வட்டின் வேகம் என்று எழுதி வைப்பார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் எழுத வேண்டியவற்றை வட்டில் எழுதி முடிக்கச் செய்து, பிறகு இயங்குதளத்தின் மையமான கர்னலின் இடைமாற்றுத் தேக்கத்தை (கேஷ்) காலிசெய்ய வேண்டும். அல்லது கோப்பு நினைவகத்தைவிட இரு மடங்காவது இருக்க வேண்டும்.

டெபியனைத் தேர்ந்தது சரி, காரணத்தையும் எழுதுங்கள். டெபியன் 12 பதிப்பு 6.1 கர்னல் வரிசையிலேயே நிற்கும். ஆர்ச் லினக்ஸ் போல உருண்டுகொண்டே, அதாவது ஓயாமல் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும் வெளியீட்டில் திங்களன்று எடுத்த எண்ணையும் வியாழனன்று எடுத்த எண்ணையும் பக்கத்தில் வைக்க முடியாது. உபுண்டுவில் தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்தாவிட்டால் சோதனையின் நடுவே பொதிகளை இறக்கத் தொடங்கிவிடும்.

இரண்டு இயங்குதளங்களை மோதவிட்டால் எச்சரிக்கை இன்னும் வேண்டும். ஃபெடோரா மேசைக்கணினிப் பதிப்பு 33 முதல் இயல்பாக பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் நிறுவுகிறது, டெபியன் ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமையில். அப்படியே ஓட்டினால் அளந்தது கோப்பு முறைமையை, இயங்குதளத்தை அல்ல. ஃபெடோரா 38 முதல் பொதிகளைத் தொகுக்கும்போது (கம்பைல் செய்யும்போது) சட்டகச் சுட்டியை, அதாவது நிரலின் அழைப்பு வரிசையைத் தடம்பிடிக்க உதவும் சுட்டியை, நீக்காமல் வைத்திருக்கிறார்கள். ஒரே மூலநிரலிலிருந்து வேறு இயந்திரக்குறி பிறக்கிறது. சோதனை நிரலை ஒரே தொகுப்பி, ஒரே தெரிவுகளோடு இரண்டிலும் நீங்களே தொகுத்துக்கொள்ள வேண்டும்.

ம. எழுதியது:

விளக்கம் அருமை, ஆனால் சொல்லை அது நிலைநாட்டவில்லை. ஸ்ட்ரீம் என்ற சோதனை, நினைவகத்தில் தரவு நகரும் வேகத்தை நொடிக்கு இத்தனை மெகாபைட் என்று நேராகவே தருகிறது. அதில் ஒப்பு எங்கே? கணக்குப் படித்தவர் 'ஒப்பளவு' என்றதும் விகிதத்தைத்தான் நினைப்பார்.

ப. எழுதியது:

ஸ்ட்ரீம் தருவது அளவீடு. இன்னொரு இயந்திரத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் வைக்கும்போதுதான் அது பெஞ்ச்மார்க் ஆகிறது. இந்த வேறுபாட்டை மாணவருக்குச் சொல்வதற்காகவே ஒப்பளவு வேண்டும் என்கிறேன்.

இ. எழுதியது:

பெஞ்ச்மார்க்கை முதல் இடத்திலாவது ஒருமுறை எழுதினால் ஒப்பளவுக்கு நானும் ஒப்புகிறேன். உரைகல்லைவிட அது புரியும்.

செ. எழுதியது:

நன்றி. நால்வரில் மூவர் ஒப்பளவு என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். தலைப்பு: "ஒப்பளவுச் சோதனைக்கு எந்த இயங்குதளம்?" அத்தியாயத்தின் முதல் வரியில் மட்டும் பெஞ்ச்மார்க் வரும். ப. சொன்ன திருத்தங்களையும் சேர்த்துவிட்டேன்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. செயலியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் 'கவர்னர்' அமைப்பை 'பெர்ஃபார்மன்ஸ்' நிலையில் வைக்கச் சொல்லும் இடத்தில், முதல் வரைவில் 'ஆளுநர்' என்று இருக்கிறது.

ம. எழுதியது:

ஆளுநரை எடுத்துவிடுங்கள், 'வேகச் சீராக்கி' போதும். ஒப்பளவில் எனக்கு உடன்பாடில்லை. பின்னிணைப்பின் சொல்லடைவில் உரைகல்லையும் மாற்றுச்சொல்லாகச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன், ஒற்று இல்லாமல்.