1,600 கோடி ஒரு செயலிக்கா? எல்லை மக்களின் மருத்துவப் பதிவுகள் குறித்த விவாதம்

தேவிகுளத்தான்:
“ஒரு கைப்பேசிச் செயலிக்காக மத்திய அரசு 1,600 கோடி ரூபாயைக் கொட்டியிருக்கிறது, அந்தப் பணத்தில் மூணாறிலும் வாளையாறிலும் பெரிய ஆஸ்பத்திரிகளைக் கட்டியிருக்கலாம்” என்று நெடுங்கண்டம் கணக்கர் நேற்று வேறோர் இழையில் எழுதியிருந்தார். கீழே பலர் கைதட்டியிருந்ததைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அது செயலிக்கான தொகை அன்று. மருத்துவப் பதிவுகளைக் கணினிவழி இணைக்கும் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் முழுவதற்கும், ஐந்தாண்டுகளுக்கு என, 2022 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தொகை அது. ஒவ்வொருவருக்கும் தரப்படும் ஆபா என்ற 14 இலக்கச் சுகாதார எண், மருத்துவர்களின் பதிவேடு, மருத்துவமனைகளின் பதிவேடு, நோயாளியின் ஒப்புதலோடு ஆவணங்களை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு அனுப்பும் கட்டமைப்பு ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்கும். நம் கைப்பேசியில் இருக்கும் ஆபா செயலி அந்தக் கட்டமைப்புக்குள் நுழையும் வாசல் மட்டுமே. 140 கோடி மக்களுக்கு வகுத்துப் பார்த்தால் ஐந்தாண்டுகளுக்கும் சேர்த்துத் தலைக்கு 12 ரூபாய்கூட வராது.

கேரள எல்லையில் வாழும் நமக்கு இதன் அருமை மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். மூணாறுத் தோட்டங்களில் வேலை செய்யும் ஒரு குடும்பம் காய்ச்சலுக்குத் தோட்டத்து மருத்துவமனைக்கும், பெரிய நோய்க்குக் கோட்டயத்துக்கும் போகிறது. சொந்தபந்தம் துணைக்கு இருக்கும் என்பதற்காகப் பிரசவத்துக்குப் போடிமெட்டு இறங்கித் தேனிக்குப் போகிறது. கேரளத்தின் இ-ஹெல்த் திட்டத்தில் ஓர் எண், தமிழ்நாட்டில் கர்ப்பிணிக்குப் பிக்மி எனும் பேறுகாலப் பதிவு எண் என்று ஒரே உடம்புக்கு இரண்டு அரசுகள் இரண்டு எண்களைத் தருகின்றன. ஸ்கேன் படமும் டிஸ்சார்ஜ் சம்மரியும் மஞ்சள் பைக்குள் சுருட்டப்பட்டு மலையிறங்குகின்றன. மழையில் நனைந்தால் சோதனையை முதலிலிருந்து எடுக்கச் சொல்கிறார்கள். மாநில எல்லையைத் தாண்டி நடக்கக்கூடிய பதிவு ஒன்றை உருவாக்கும் முயற்சியை வீண்செலவு என்று நம் ஆட்களே சொல்வது எனக்கு வேதனை அளிக்கிறது.

நெடுங்கண்டம் கணக்கர்:
என் பெயரைச் சொல்லியே இழை தொடங்கியதற்கு நன்றி. இயக்கம் என்று சொன்னாலும் செயலி என்று சொன்னாலும் 1,600 கோடி 1,600 கோடிதான். பெயரை மாற்றினால் தொகை குறைந்துவிடாது.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேரை இழந்தோமே, அந்தச் செய்தி வெளியுலகுக்கு மறுநாள் காலையில்தான் தெரிந்தது. மின்சாரமும் இல்லை, கைப்பேசித் தொடர்பும் இல்லை. அப்படிப்பட்ட மலையில் லயத்து வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், இருப்பவர் தம் ஒப்புதலை எந்தத் திரையில் தட்டுவார்? முதலில் சிக்னலும், இரவில் தங்கும் மருத்துவரும், ஆம்புலன்ஸ் போகும் சாலையும் தர வேண்டும். அவற்றுக்கெல்லாம் பணம் இல்லை என்கிறவர்கள் இதற்கு மட்டும் 1,600 கோடியை எங்கிருந்து எடுத்தார்கள்?

தேவிகுளத்தான்:
பெட்டிமுடியை இந்தக் கணக்குக்குள் இழுக்க வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். அங்கே மாண்டவர்களில் எனக்கு வேண்டியவர்களும் உண்டு. அங்கே தவறியது தகவல் தொடர்பு. அதைச் சரிசெய்ய வேண்டும் என்பதில் உங்களைவிட எனக்கு அக்கறை குறைவில்லை. கைப்பேசிக் கோபுரம் கட்டுவது தொலைத்தொடர்புத் துறையின் பணத்தில் நடக்க வேண்டியது. அந்தக் கணக்கும் இந்தக் கணக்கும் வேறு.

தொகையைப் பற்றிச் சொன்னீர்கள். ஒப்புதல் வேறு, ஒதுக்கீடு வேறு என்பதைக் கணக்கர் என்று பெயர் வைத்துக்கொண்டவர் அறிந்திருக்க வேண்டும். 2022-23 மத்திய பட்ஜெட்டில் இந்த இயக்கத்துக்கு 200 கோடி, 2023-24இல் 341 கோடி, 2024-25இல் 200 கோடி. மூன்றாண்டுகளையும் கூட்டினால் 741 கோடி. நீங்கள் எழுதியதுபோல் 1,600 கோடியை யாரும் கொட்டிவிடவில்லை.

நெடுங்கண்டம் கணக்கர்:
அப்படியானால் மீதி 859 கோடி எங்கே? 1,600 என்று அறிவித்துவிட்டு மூன்றாண்டில் அதில் பாதியைக்கூட ஒதுக்காத திட்டத்துக்குத்தான் வக்காலத்து வாங்குகிறீர்களா? ஒன்று, அறிவிப்பு பொய். அல்லது வேலை நடக்கவில்லை. இரண்டில் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

பிரிட்டனில் 2002இல் தேசிய சுகாதாரச் சேவைக்கென மாபெரும் கணினித் திட்டம் ஒன்றைத் தொடங்கி, பல நூறு கோடி பவுண்டுகளைச் செலவிட்டு, 2011இல் அதைக் கலைப்பதாக அறிவித்தார்கள். பணமும் அறிவும் நிறைந்த நாட்டின் கதியே அதுவென்றால், நம் நிலைமையைச் சொல்லவும் வேண்டுமா?

பீர்மேடு செவிலி:
இரண்டு அண்ணன்மாரும் தொகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். ஓபி சீட்டு கொடுக்கும் இடத்தில் நின்று பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். வாசலில் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியை ஸ்கேன் செய்தால் டோக்கன் கிடைப்பது நல்ல ஏற்பாடுதான், வரிசை குறைகிறது. ஆனால் உள்ளே மருத்துவர் எழுதியதைக் கணினியில் ஏற்றுவதற்கு யார் இருக்கிறார்கள்? ஊசியும் நாங்கள், கட்டும் நாங்கள், தட்டச்சும் நாங்கள் என்றால் நோயாளியை எப்போது பார்ப்பது? வெளியே வீடு வீடாகப் போய் விவரம் திரட்டுகிறவர்கள் ஆஷா பணியாளர்கள். மாதம் 7,000 ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ஆக்கக் கோரி, 2025 பிப்ரவரி 10 முதல் அவர்கள் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்ததை மறந்துவிடாதீர்கள். பதிவை எழுதும் கைக்குக் கூலி இல்லாமல் பதிவேடு மட்டும் எப்படி நிரம்பும்?

தேவிகுளத்தான்:
செவிலி அம்மா சொல்வது நியாயமான குறை. ஆனால் அது திட்டத்தை விரிவாக்கச் சொல்லும் குறை, நிறுத்தச் சொல்லும் குறை அன்று. 2023 ஜனவரியில் ஊக்கத்தொகைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் இணைக்கப்படும் ஒவ்வொரு பதிவுக்கும் மருத்துவமனைக்கு 20 ரூபாய் என்று அறிவித்தார்கள். அந்தப் பணம் தட்டச்சு செய்கிறவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கேளுங்கள், நானும் உங்களோடு கையெழுத்திடுகிறேன்.

பிரிட்டனை மேற்கோள் காட்டிய கணக்கருக்கு: அங்கே மையத்தில் இருந்தவர்கள் மென்பொருளைத் தேர்ந்தெடுத்து எல்லா மருத்துவமனைகள் மீதும் சுமத்தப் பார்த்தார்கள். இங்கே பதிவு அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கிறது. நோயாளி சம்மதித்தால் மட்டும் இன்னொருவர் பார்க்கிறார். காசநோய்க்கான நிக்ஷய் பதிவைப் பாருங்கள். 2012 முதல் நடக்கிறது. குமுளியில் பதிந்த நோயாளி கம்பத்துக்குக் குடிபெயர்ந்தால் அவருடைய பதிவை அங்கே மாற்றிவிட முடியும். ஒரு நோய்க்கு இயன்றது எல்லா நோய்க்கும் ஏன் இயலாது? இதற்குப் பதில் சொல்லாமல் 1,600, 1,600 என்று உருப்போடுவது வாதம் ஆகாது.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்:
பாலக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கேள்வி. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் தாக்கப்பட்டு நாள்கணக்கில் எல்லாம் கையால் எழுதப்பட்டது. 2023 ஜூனில் கோவின் தளத்தில் தடுப்பூசிக்குப் பதிந்தவர்களின் விவரங்கள் டெலிகிராமில் கிடைப்பதாகச் செய்தி வந்தது. 70 கோடிக்கும் மேற்பட்ட ஆபா எண்கள் உருவாகிவிட்ட நிலையில், நம் வீட்டுப் பெண்களின் மருத்துவ விவரம் யார் கையிலும் சிக்காது என்று தேவிகுளத்தார் உறுதி தருவாரா? மேலும், எங்கள் பகுதி முதியவர்களுக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். ஒப்புதல் கேட்கும் வாசகம் அவர்களுக்குப் புரியாத மொழியில் வந்தால், அவர்கள் தரும் சம்மதத்துக்கு என்ன மதிப்பு?

குப்பம் வாசி:
ஆந்திர எல்லையிலிருந்து நானும் சேர்ந்துகொள்கிறேன். எங்கள் ஊரில் ஆபா எண்ணைப் பலர் 5 லட்ச ரூபாய்க் காப்பீட்டு அட்டை என்று எண்ணித்தான் எடுத்தார்கள். நோய் வந்தபின் அதைக் கொண்டுபோய் நீட்டினால், இது வேறு, காப்பீட்டு அட்டை வேறு என்று திருப்பி அனுப்புகிறார்கள். நாங்கள் வேலூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் பெங்களூருக்கும் போகிறவர்கள். பதிவு எல்லை தாண்டினாலும் பணம் எல்லை தாண்டாவிட்டால் எங்களுக்குப் பயன் பாதிதான். இதை எவரும் பேசுவதில்லை.

நெடுங்கண்டம் கணக்கர்:
குப்பத்து நண்பர் சொன்னதை எல்லோரும் மறுபடி படியுங்கள். எதற்கு என்றே தெரியாமல் எடுத்த எண்களுக்குத்தான் 1,600 கோடி. தேவிகுளத்தாருக்கு இப்படிப்பட்ட தளங்கள் மீது பற்று இன்று வந்ததன்று. 2020 மே மாதம் கொரோனா ஊரடங்கில் நம் ஆட்கள் வாளையாறிலும் குமுளியிலும் சோதனைச் சாவடிகளில் நின்றபோது, கேரளத்துக்குள் வர அனுமதி தரும் ஜாக்ரதா தளத்தில் பதிந்தால் போதும், எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று இதே களத்தில் எழுதியவர் இவர். தமிழ்நாட்டு இ-பாஸ் ஒரு பக்கம், கேரளப் பாஸ் மறுபக்கம் என்று குழந்தைகளோடு வெயிலில் நின்றவர்களுக்கு இவர் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

தேவிகுளத்தான்:
இத்தனை ஆண்டுகளாக அதை மனத்தில் வைத்திருந்தீர்கள் என்பது இப்போதுதான் தெரிகிறது. இரண்டு மாநிலங்கள் இரண்டு தளங்களை நடத்தியதால்தான் அன்று மக்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். நீங்கள் சொன்ன அந்த அவலமே என் வாதத்துக்குச் சான்று. ஒரே எண், இரு பக்கமும் செல்லும் ஒரே ஒப்புதல் என்பதைத்தான் நான் கேட்கிறேன்.

ஆசிரியர் ஐயாவின் அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்துவிட்டது. அதைக் கடுமையாகச் செயல்படுத்தக் கேட்போம். ஒப்புதல் வாசகம் இடுக்கியிலும் பாலக்காட்டிலும் தமிழில் வர வேண்டும் என்றும் கேட்போம். குப்பத்து நண்பர் சொன்ன காப்பீட்டுச் சிக்கல் வேறொரு திட்டத்தின் சிக்கல். அதற்குத் தனி இழை தொடங்கட்டும். மஞ்சள் பை நனைந்தால் போகும் பதிவைவிட, பூட்டுப் போடக்கூடிய பதிவு மேல் என்பதே என் நிலை.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர்:
பூட்டின் சாவி யாரிடம் என்பதுதான் என் கேள்வி. சட்டம் வந்தது என்கிறீர்கள். நான் உறுதி கேட்டேன். தனி இழைக்குப் போ என்று குப்பத்துக்காரரை அனுப்புவதும் முறையன்று. இது தேவிகுளத்தாரின் சொந்தத் திண்ணை அன்று.

பீர்மேடு செவிலி:
ஊக்கத்தொகை மருத்துவமனைக்கு வருகிறது என்று அண்ணன் சொன்னார். எங்கள் பக்கம் அதைக் கண்ணால் கண்ட செவிலி எவரும் இல்லை.

நெடுங்கண்டம் கணக்கர்:
741 என்கிறார், தலைக்கு 12 ரூபாய் என்கிறார், பதிவுக்கு 20 ரூபாய் என்கிறார். நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: அந்த 1,600 கோடியில் இடுக்கி மலைக்கு வந்தது எவ்வளவு?

தேவிகுளத்தான்:
முதலில் நீங்கள் கேட்டது அதுவன்று. ஒரு செயலிக்கு 1,600 கோடி என்று எழுதினீர்கள். அந்த வரி இன்னும் உங்கள் பதிவில் திருத்தப்படாமல் நிற்கிறது. அதைத் திருத்துங்கள், இடுக்கிக்கு வந்தது எவ்வளவு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நானே மனு எழுதுகிறேன், நீங்களும் கையெழுத்திடுங்கள்.

நெடுங்கண்டம் கணக்கர்:
திருத்த மாட்டேன். ஒப்புதல் அளித்த தொகை 1,600 கோடி, மக்கள் கையில் இருப்பது ஒரு செயலி. இதில் எந்தச் சொல் தவறு?